ஹிங்கா கை வைக்காத கல்

ஹிங்கா போஸ்மாவின் அப்பா மாட்டுத் தரகர். லேவார்டன் சந்தையில் வெள்ளிக்கிழமை தவறாமல் நீல மேலங்கியும் கையில் பிரம்புமாக வந்து நின்றுவிடுவார். மாடு எவ்வளவு பெரிய பண்ணையிலிருந்து வந்திருந்தாலும் சரி, விற்கிறவன் பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்தாலும் சரி, அதன் முதுகில் கை வைத்து இடுப்பெலும்பு வரை தடவிப் பார்க்காமல் விலை என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. அதற்கப்புறம்தான் எதிராளியின் உள்ளங்கையில் தன் கையைப் பளார் பளார் என்று அடித்துப் பேரம் நடக்கும். கடைசி அடி ஓங்கி விழுந்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். அந்த மனிதருக்குப் பிறந்தவள் மாட்டை விட்டுவிட்டு லத்தீன் பக்கம் போனாள். போனவள் லத்தீனோடாவது நின்றாளா? அதுவும் இல்லை. லத்தீனைப் பெற்ற தாய்மொழி எது, அது எப்படிப் பேசியது என்று தேடக் கிளம்பிவிட்டாள்.

அந்தத் தாய் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தவள். அவள் பெற்ற பெண்கள்தான் எழுதக் கற்றார்கள். மூத்த கைகாரி லத்தீன், நூலகம் நூலகமாக எழுதித் தள்ளினாள். ஆஸ்கன், உம்பிரியன் என்ற தங்கைகளோ இத்தாலி மலைகளில் நாலு கல்லையும் சில செப்புத் தகடுகளையும் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இந்தப் பெண்கள் பேசியதை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 'அப்படியானால் அம்மா இப்படித்தான் சொல்லியிருப்பாள்' என்று ஊகிப்பதுதான் ஹிங்காவின் தொழில். ஊகித்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். இதை யாரும் கண்ணால் கண்டதில்லை என்று அதற்குப் பொருள். பெயர்ச்சொற்கள் சாது. வினைச்சொற்கள் இருக்கின்றனவே, காலத்துக்கு ஒரு வேஷம், ஆளுக்கு ஒரு வேஷம் என்று பிடி கொடுக்காமல் ஓடும் ஜாதி. ஹிங்கா எடுத்துக்கொண்டது வினைச்சொற்களை.

அதுவும் முழு நேர வேலையாக இல்லை. ஸ்னேக் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் லத்தீன் ஆசிரியை. சனி ஞாயிறும் கோடை விடுமுறையும் ஆராய்ச்சிக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது. கணவன் ஃபோல்கர்ட் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். கையில் கிரீஸ் மணக்க வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் தினம் ஒரே கேள்விதான் கேட்பான்.

"என்ன, உன் ஊமையம்மா இன்னைக்காவது வாயத் தெறந்தாளா?"

"இல்ல. நாளைக்குப் பாக்கலாம்."

"எங்கம்மாவும் இப்படி இருந்திருக்கலாம். என்ன நிம்மதி!"

கடைசியில் புத்தகம் முடிந்தது. லைடன் பல்கலைக்கழகத்தில் அதைச் சபை முன்னால் வாதாடி நிலைநாட்டும் நாளும் வந்தது. ஐம்பத்து நாலு வயதில் டாக்டர் பட்டம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவளை ஏற்றுக்கொண்ட பேராசிரியர் க்விஸ்ட் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பட்டம் வாங்கித் தர அவருக்கிருந்த உரிமை அந்த மாதத்தோடு தீர்கிறது. வேறு எந்தப் பேராசிரியரும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியை, அதுவும் இந்த வயதில், புதிதாக எடுத்துக் கட்டிக்கொள்ளப் போவதில்லை. அன்றைக்குக் கிடைத்தால் பட்டம், கிடைக்காவிட்டால் எந்த நாளும் இல்லை.

சபைக்குப் போகுமுன் காத்திருக்க ஒரு சின்ன அறை உண்டு. அதற்கு வியர்வை அறை என்றே பெயர். பட்டம் வாங்கியவர்கள் திரும்பி வந்து அதன் சுவரில் கையெழுத்துப் போடுவது வழக்கம் என்பதால் சுவர் முழுக்கப் பெயர்கள். ஃபோல்கர்ட் போன உடனேயே மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காலியிடத்தைக் கண்டுபிடித்து, "இது உனக்கு" என்று விரலை வைத்துக் காட்டினான். சபையில் அவளுக்குப் பின்னால் துணை நிற்கப் போகிறவன் அவன். வாடகைக்கு எடுத்த வால் வைத்த கோட்டு வயிற்றில் பிடித்துக்கொண்டு பொத்தான் எந்த நேரமும் தெறித்துவிடும் போலிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தான்.

"பிரி. உனக்குத்தான்."

"இப்பவா? கூப்பிடப் போறாங்க."

"பிரிங்கறேன்ல. இத வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த ஊரு மியூசியத்துக்கு இத்தாலியன்ல நாலு தடவ எழுதினேன். பதிலே இல்ல. அப்புறம் ஒரு முழுப் பாலாடைக்கட்டி அனுப்பி வச்சேன். ஒரே வாரத்துல போட்டோ வந்துடுச்சு."

காகிதத்தைக் கிழித்தால் உள்ளே சட்டம் போட்ட புகைப்படம். கல். அவளுடைய கல். நாலாவது அத்தியாயம் முழுவதும் ஏறி உட்கார்ந்திருந்த அந்தக் கல்.

அது என்ன கல் என்று சொல்லிவிடுகிறேன். அப்ருஸ்ஸோ மலையில் எவனோ ஒருவன் ஒரு தெய்வத்துக்குப் பன்றி தருவதாக நேர்ந்துகொண்டு, 'இன்னார் வாக்குக் கொடுத்தான்' என்று ஆஸ்கன் மொழியில் வெட்டி வைத்தது. லத்தீனில் இந்த வினைச்சொல் இறந்த காலத்துக்குப் போகும்போது முதல் அசை இரண்டு தடவை வரும். அது அம்மாவிடமிருந்து வந்த பழக்கமா, லத்தீன் தானாகப் பழகிக்கொண்டதா என்பதுதான் கேள்வி. தங்கைகளில் ஒருத்தி அதே மாதிரி இரட்டித்துச் சொல்லியிருந்தால் அம்மாவின் பழக்கம் என்று அடித்துச் சொல்லலாம். இந்தக் கல்லில் அப்படித்தான் இருந்தது. இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஹால்பெக் என்ற ஜெர்மன்காரர் கல்லின் படத்தைக் கோட்டோவியமாக வரைந்து வெளியிட்டிருந்தார். அதற்கப்புறம் வந்த அத்தனை கையேடுகளிலும் அந்த ஓவியமே. கல் வேறு, ஓவியம் வேறு என்ற நினைப்பே இந்தத் துறையில் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. ஹிங்காவும் அதைத்தான் வைத்து எழுதினாள்.

புகைப்படத்தில் வெயில் சாய்ந்து விழுந்து ஒவ்வொரு கீறலும் துல்லியமாகத் தெரிந்தது. அவள் கண் நேராக அந்தச் சொல்லுக்குப் போயிற்று. சொல்லின் தலையில் இரண்டு எழுத்து இல்லை. தேய்ந்து போகவில்லை, அழியவில்லை. அந்த மூலையே இல்லை.

"என்ன, பிடிக்கலயா?" என்றான் ஃபோல்கர்ட்.

"இந்த மூலை எங்க?"

"எந்த மூலை?"

"இங்க ரெண்டு எழுத்து இருக்கணும். வரஞ்ச படத்துல இருக்கு."

"உடைஞ்சு போயிருக்கும். பழங்கல்லுதானே?"

"உடைஞ்ச இடத்துல பாசி படிஞ்சு கெடக்கு, பாரு. நேத்து முந்தாநாள் உடைஞ்சதில்ல இது." அவள் குரல் கிறீச்சிட்டது. "யாரு உன்ன இத வாங்கச் சொன்னா? இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதா உனக்கு?"

ஃபோல்கர்டின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. இல்லாத இரண்டு எழுத்து ஓவியத்துக்குள் எப்படி வந்தது என்பது அவளுக்கு நொடியில் விளங்கிவிட்டது. வரைந்தவருக்கு லத்தீன் தெரியும். லத்தீனில் இரட்டித்துத்தானே வருகிறது, இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஓட்டையை அடைத்துவிட்டார். அடைத்ததை நம்பி அவள் லத்தீனின் தாயைக் கட்டி எழுப்பிவிட்டாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றான் அவன்.

"ஒரே ஆளு சட்டைய மாத்திக்கிட்டு வந்து ரெண்டு தடவ சாட்சி சொல்லியிருக்கான். நான் ரெண்டு பேருன்னு நம்பிட்டேன்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஹால்பெக்குக்குத் தெரியணும். வரஞ்சதே அவர்தான். சபையில கேள்வி கேக்க வந்திருக்காரு, முதல் வரிசையில உக்காந்திருப்பாரு."

ஃபோல்கர்ட் முட்டாள் இல்லை.

"அப்போ அவரு தன் குட்டத் தானே ஒடைக்கப் போறதில்ல. நீயும் வாயத் தெறக்காத. முக்கால் மணி நேரம்தான், ஹிங்கா. பட்டத்த வாங்கு. அப்புறமா நிதானமா எழுது, தப்புன்னு சொல்லு, யாரு வேணாம்னா?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. கட்டியக்காரி வந்துவிட்டாள். கறுப்பு அங்கியும் வெள்ளிப் பூண் போட்ட நெடுங்கோலுமாக இந்த அம்மாள் முன்னால் நடப்பாள், மற்றவர்கள் பின்னால் போக வேண்டும். புகைப்படம் நாற்காலியில் சாய்ந்தபடி கிடந்தது.

சபையில் முறை இதுதான். கேள்வி கேட்பவர்கள் ஒவ்வொருவராகக் கேட்பார்கள், அவள் பதில் மட்டும் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனதும் கட்டியக்காரி உள்ளே வந்து கோலைத் தரையில் தட்டி, "ஹோரா எஸ்ட்" என்பாள். நேரமாயிற்று என்பதற்கு லத்தீன். அந்த நொடியில் யார் பேசிக்கொண்டிருந்தாலும், சொல் பாதியில் இருந்தாலும், வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் கென்ட் நகரிலிருந்து வந்த அம்மாள் இரண்டாவது அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டாள். ஹிங்கா பதில் சொன்னாள். நன்றாகவே சொன்னாள், நாக்கு பழக்கத்தில் ஓடியது. அடுத்தவர் உம்பிரியன் தகடுகளைப் பற்றிக் கேட்டார். அவர் புத்தகத்தைப் புரட்டும் ஒவ்வொரு தடவையும் நாலாவது அத்தியாயத்துக்குப் போகிறாரோ என்று அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. பின்னால் ஃபோல்கர்டின் கோட்டு அவன் மூச்சு விடும்போதெல்லாம் முனகியது. முன்னால் க்விஸ்ட் கைகளைக் கோத்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவரும் ஒரு நாளாவது 'கல்லைப் பார்த்தாயா' என்று கேட்டதில்லை என்ற கோபமும் கூடவே வந்தது.

கடைசியாக ஹால்பெக் எழுந்தார். எழுபது வயது, நல்ல உயரம், தாடி. கடிகாரத்தில் அதிக நேரம் பாக்கியில்லை.

"நாலாவது அத்தியாயம்தான் இந்தப் புத்தகத்தோட முதுகெலும்பு" என்றார். "அதுல எனக்குக் கேள்வியே இல்ல. இவ்வளவு சுத்தமா யாரும் இதச் செஞ்சதில்ல."

க்விஸ்டின் முகம் மலர்ந்தது. பின்னால் ஃபோல்கர்ட் 'அப்பாடா' என்று மூச்சு விட்டது அவள் காதில் விழுந்தது. ஹால்பெக்குக்கே மறந்துவிட்டது, தான் அடைத்த ஓட்டை இவருக்கே நினைவில்லை!

"அதனால மிச்ச நேரத்துக்கு ஒரு இனிப்புச் சாப்பிடலாம்" என்று சிரித்துக்கொண்டே புத்தகத்துக்குள் செருகியிருந்த ஒற்றைத் தாளை எடுத்தார். ஆராய்ச்சியோடு பத்துப் பன்னிரண்டு கருத்துகளைத் தனித் தாளில் அச்சடித்துச் சேர்ப்பது இந்த நாட்டுப் பழக்கம். கடைசிக் கருத்து மட்டும் விளையாட்டாக இருக்க வேண்டும். அதைப் பற்றியும் கேள்வி கேட்கலாம். ஹிங்கா செத்துப்போன அப்பாவை நினைத்து ஒன்று எழுதியிருந்தாள். ஹால்பெக் அதை உரக்கப் படித்தார்.

"'மாட்டின் முதுகில் கை வைக்காமல் விலை சொல்லக் கூடாது.' பலே! எனக்கு ஒரு சந்தேகம். இது மாட்டுக்கு மட்டும்தானா, கல்லுக்கும் உண்டா? அந்த வாக்குக் கொடுத்த கல்லு மேல நீங்க கை வச்சுப் பாத்தீங்களா?"

சபை முழுக்கச் சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். வேடிக்கைக்குத்தான் கேட்டார், பாவம்.

ஹிங்காவும் சிரிக்க வேண்டியது. 'கல் இன்னும் சந்தைக்கு வரவில்லை ஐயா' என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அதைச் சொன்னால் இன்னொரு சிரிப்பு, அதற்குள் கதவு திறந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும். கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. சந்தையில் நீல மேலங்கியோடு நிற்கும் மனிதர் கண்ணில் வந்து நின்றார். அவர் பேரைச் சொல்லி அச்சடித்த வாக்கியத்தையே வைத்துக்கொண்டு பொய் சொல்லப் போகிறோமா என்று நினைத்ததும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பயமும் குறையவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பெருமதிப்புக்குரிய ஐயா, இல்ல. வைக்கல."

மறுபடியும் சிரிப்பு.

"இன்னைக்குக் காலையிலதான் அந்தக் கல்லோட போட்டோவ முதல் தடவையா பாத்தேன். நான் ஆதாரம்னு காட்டின ரெண்டு எழுத்தும் அதுல இல்ல. அந்த இடம் உடைஞ்சு போயிருக்கு. ரொம்பப் பழைய உடைப்பு."

சிரிப்பு நின்றது. யாரோ நாற்காலியில் அசைந்தார்கள்.

"அந்த எழுத்த லத்தீனப் பாத்து நிரப்பியிருக்காங்க. அத வச்சு லத்தீனோட தாய் இப்படிப் பேசினான்னு நான் நிரூபிச்சிருக்கேன். அது நிரூபணமே இல்ல. அவ அந்தச் சொல்ல எப்படிச் சொன்னான்னு எனக்குத் தெரியாது. என் நாலாவது அத்தியாயம் நிக்காதுங்க, ஐயா."

க்விஸ்டின் கோத்த கைகள் பிரிந்தன. ஃபோல்கர்டின் கோட்டு முனகவில்லை. ஹிங்கா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தரகர் மகள் ஆயிற்றே, பேச்சு ஆரம்பித்தால் பாதியில் விடும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. பட்டத்துக்கு நிற்பவள் கேள்வி கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"நீங்க வரஞ்சப்போ கை வச்சீங்களா, ஐயா?"

ஹால்பெக்கின் முகம் வெளுத்தது. தாடிக்குள் வாய் திறந்தது. அதே நேரம் கதவும் திறந்தது. கோல் தரையில் இடித்தது.

"ஹோரா எஸ்ட்!"

திறந்த வாயை மூடிக்கொள்வதைத் தவிர அவருக்கு வழியில்லை.

சபையார் எழுந்து உள்ளறைக்குப் போனார்கள். வழக்கமாக ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் திரும்பிவிடுவார்கள். அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தவர்கள் குசுகுசுவென்று பேசி முடித்து, பேசியதையே மறுபடி பேச ஆரம்பித்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் ஹால்பெக்கின் கனத்த குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று மட்டும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த சக ஆசிரியைகள் அவள் பக்கம் திரும்பாமல் கூரை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த எழவெடுத்த போட்டோவ நான் கொண்டு வராமலே இருந்திருக்கலாம்" என்றான் ஃபோல்கர்ட் மெதுவாக.

"கொண்டு வராட்டி இன்னும் அத நம்பிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்திருப்பேன்." அவள் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "உன்மேல கத்தினது தப்பு."

"கோட்டு பொத்தான் போயிடுச்சு. வாடகைக் கடைக்காரன் கத்தப் போறான், அதையும் கேட்டுக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இடிந்துபோன ஒரு அத்தியாயத்தை ஒரு தட்டிலும் பன்னிரண்டு வருஷத்தை ஒரு தட்டிலும் வைத்து யாரோ எடை போடுகிறார்கள் என்று நினைத்தபடி மூடிய கதவையே பார்த்தாள்.

கதவு திறந்தது. கட்டியக்காரி முன்னால் வந்தாள். சபைத் தலைவர் நின்றுகொண்டே வாசித்தார். ஹிங்காவின் காதில் முதல் வரி விழவேயில்லை, இரண்டாவது வரியில் 'டாக்டர்' என்ற சொல் விழுந்தது. ஃபோல்கர்ட் பின்னாலிருந்து முதுகில் குத்தின பிறகுதான் அது தன்னைத்தான் என்று விளங்கிற்று. க்விஸ்ட் வாழ்த்துரை படிக்க எழுந்தார். எழுதி வந்த காகிதங்களில் இரண்டைப் படிக்காமலே புரட்டிவிட்டு மிச்சத்தைப் படித்தார். கை கொடுக்கும்போது, "நானும் கேக்கல, ஹிங்கா. ஒரு தடவகூட கேக்கல" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். உள்ளே நடந்ததை வெளியில் சொல்லக் கூடாது. இருந்தாலும், "ரெண்டு பேர் குடுக்கலாம்னாங்க, ரெண்டு பேர் முடியாதுன்னாங்க. கடைசி ஓட்டு ஹால்பெக்கோடது" என்று சொல்லிவிட்டே நகர்ந்தார்.

அவள் வியர்வை அறைக்குப் போய் ஃபோல்கர்ட் காட்டிய காலியிடத்தில் கையெழுத்துப் போட்டாள். கிறுக்கலாக விழுந்தது. பிறகு எல்லாரும் விருந்து வைத்த கூடத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு மேஜையில் அவள் புத்தகம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. சபைக்கு முன்னாலேயே அச்சடித்துவிட வேண்டும் என்பது விதி. ஆகவே தப்பும் அச்சாகிவிட்டிருந்தது. ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க அவளுக்குக் கை கூசியது.

ஹால்பெக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவள் முன்னால் நின்றார்.

"பேனா இருக்கா?"

கையெழுத்து வேண்டுமோ, பட்டத் தாளில் தான் போட்டதை அடித்துவிடப் போகிறாரோ என்று தெரியாமல் அவள் பேனாவை நீட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜை முன் உட்கார்ந்தார். மேலே இருந்த பிரதியை எடுத்து, தன் ஓவியம் இருந்த பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு எழுத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பகர அடைப்புக்குறி போட்டார். இது கல்லில் இல்லை, நானாக வைத்தது என்பதற்கு அவர்கள் போடும் குறி அதுதான். அந்தப் பிரதியை நகர்த்திவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"நான் அங்க போனதே இல்ல" என்றார், தலையைத் தூக்காமல். "அந்த வருஷம் பனி. மலைப் பாதைய அடைச்சுட்டாங்க. யாரோ கல்லு மேல காகிதம் ஒத்தி எடுத்து அனுப்பியிருந்தாங்க, அதுலயும் மூலை கிழிஞ்சிருந்துச்சு. அத வச்சு வரஞ்சேன். அடைப்புக்குறி போட்டோம்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"போடல, ஐயா."

"போடல. உள்ள போய் என் படத்த எடுத்துப் பாத்தேன். இதுக்காகத்தான் இவ்வளவு நேரம்."

ஃபோல்கர்ட் எதுவும் கேட்காமல் அடுத்த பெட்டியைத் திறந்து அவர் கைக்கு எட்டும்படி வைத்தான். ஹிங்கா வேறொரு பேனாவை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். விருந்துக்கு வந்தவர்கள் பொரித்த உருண்டைகளைத் தின்றுகொண்டு இந்த வேடிக்கையைப் பார்த்தார்கள். கடைசிப் பிரதியும் முடிந்தது. ஹால்பெக் எழுந்து விடைபெறக் கையை நீட்டினார்.

ஹிங்கா குலுக்கவில்லை. நீட்டின கையைத் திருப்பி, அப்பா சந்தையில் கடைசி விலைக்கு அடிக்கிற மாதிரி அந்த உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கூடமே திரும்பிப் பார்த்தது. ஹால்பெக் சிவந்த கையைத் தடவிக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"பயப்படாதீங்க, ஐயா" என்றான் ஃபோல்கர்ட். "எங்க ஊர்ல, வியாபாரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."